தோற்றவர் கட்டும் வலை

பொழுது சாயும் நேரத்தில் பால்பாண்டியின் எக்ஸெல் வண்டி தெருவுக்குள் வரும். பெத்தணன் வீட்டு வாசலில் நின்று இரண்டு தடவை ஹாரன் அடிக்கும். பெத்தணன் அப்போதுதான் பட்டாசுக் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, உடம்பில் ஒட்டிய மருந்துத் தூள் போகக் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருப்பான். "வாரேம்லே, உசுர வாங்காத" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பின்னால் தொற்றி ஏறிப் போய்விடுவான்.

பெத்தணன் வீட்டுக்கும் பாண்டிமுருகன் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். வண்டி இன்னும் கொஞ்சம் உருண்டால் பாண்டிமுருகன் வாசல் வந்துவிடும். உருளாது. ஒரு நாளும் உருண்டதில்லை.

அந்த இரண்டு ஹாரனையும் பாண்டிமுருகன் வீட்டுக்குள் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பான். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு ஷூ நாடாவை இறுக்கி முடிந்துகொண்டு, முட்டியில் உறையை ஏற்றிக்கொண்டு, பத்திரிகை வைக்காத கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி தானாகவே கிளம்புவான். போகிற இடம் ஒன்றுதான். ஊருக்கு மேற்கே, கண்மாய்க்கரைக்குக் கீழே இருக்கிற வாலிபால் கிரவுண்டு. அங்கே ஆடுகிறவர்களில் மாநில அணியின் சட்டையைப் போட்டு ஆடியவன் அவன் ஒருத்தன்தான்.

மல்லாங்கிணறுக்குத் தெற்கே இருக்கும் கரிசல்காட்டு ஊர் அது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வீட்டு நிலைப்படி இடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்ட பையனை விளையாட்டு வாத்தியார் ஒருவர் பார்த்தார். தேர்வுக்குக் கூட்டிப் போனார். விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. ஊரே கிழக்கு வெளுப்பதற்கு முன் எழுந்துகொள்ளும், ஆனால் அந்த விடுதி அதற்கும் முன்னால் எழுந்து ஓடும். மணலில் ஓட்டம், தோளில் மணல் மூட்டையோடு படியேற்றம், சுவரில் பந்தை அடித்து அடித்து மணிக்கட்டு வீங்குவது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பயிற்சி ஆட்டத்தில் தோற்ற பக்கம் கடைசியாகத்தான் சாப்பிட உட்கார வேண்டும். கடைசிப் பந்திக்குக் குழம்பின் அடிதான் மிஞ்சும், அப்பளம் இருக்காது. பாண்டிமுருகன் இரண்டொரு தடவைதான் அந்தப் பந்தியில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவனுக்குத் தோற்கத் தெரியாமல் போயிற்று.

அந்த ஆட்டம்தான் அவனைக் காலேஜில் சேர்த்தது. அவன் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். அம்மா ராக்காயி, மகன் கறுப்பு அங்கியோடு நிற்கும் படத்தைப் பெரிதாகப் போட்டு, வீட்டுக்குள் நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற மாதிரி மாட்டி வைத்திருக்கிறாள். ரயில்வே அணி, போலீஸ் அணி என்று தேர்வுகளுக்குப் போனான். ஒரு தேர்வின்போது முட்டி திருகிக்கொண்டது. அது ஆறி வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிட்டது. இப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் சூப்பர்வைசர். வெடிப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிளில் நிறம் ஒரு மயிரிழை விலகினாலும் மிஷினை நிறுத்திவிடுவான். முதலாளிக்கு அவன்மேல் நல்ல மரியாதை உண்டு. ஊரிலும் உண்டு. ஹாரன்தான் இல்லை.

பெத்தணன் அவனுடைய அத்தை மகன், சில மாதம் மூத்தவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். பந்து விளையாட அவனுக்கு என்ன இருக்கிறது என்று பாண்டிமுருகன் பல தடவை உட்கார்ந்து யோசித்திருக்கிறான். தொப்பை இருக்கிறது. குதிக்க மாட்டான். சின்னப்பிள்ளை பம்பரம் விடுகிற மாதிரி இடுப்புக்குக் கீழேயிருந்து செர்வீஸ் போடுவான். ஆடும்போது வாய் ஓயாது. எதிர்ப் பக்கத்துக்காரன் நன்றாக அடித்தால் தன் பக்கம் விழுந்த பந்தையே பார்த்து, "அடடா, எம்புட்டு அழகா வந்து விழுந்துச்சு பாரு" என்பான். ஆனாலும் ஆள் பிரிக்கும்போது இரண்டு பக்கமும் முதலில் கேட்பது அவனைத்தான். "பெத்தணன் எங்களுக்கு." "நேத்தும் உங்களுக்குத்தானலே." இந்தச் சண்டை முடிந்து, எல்லாரும் பிரிந்து, கடைசியில் ஒருவர் சொல்வார்: "சரி, முருகன் அங்கிட்டுப் போகட்டும்." மாநில அணியில் ஆடியவனை ஊரில் கடைசியாக, மீந்து போனதை இலையில் வைப்பது போல வைத்தார்கள்.

அந்தக் கிரவுண்டுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. கரிசல் மண் வெயிலில் வெடித்துவிடும் என்பதால் டிராக்டரில் செம்மண் கொண்டுவந்து கொட்டிய இடம் அது. அங்கே எந்தப் பக்கம் தோற்றதோ, அந்தப் பக்கத்தில் கடைசிப் பந்தை விட்டவன் மறுநாள் மற்றவர்களுக்கு முன்னால் வந்து வலை கட்ட வேண்டும், தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். இது ஒன்று. அடுத்தது, உள்ளே இறங்குகிற யாரும் வலை கட்டுகிற இரும்புக் குழாயை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குள் போகிறவர்கள் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைக் கையால் தொட வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கட்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. கை அப்படியே பழகிவிட்டது. விவசாயம் பார்க்கிறவன்கூட இப்போது குழாயைத் தொட்டுவிட்டுத்தான் பந்தைத் தொடுகிறான். பாண்டிமுருகன் தொட மாட்டான். அவனுக்கு அது சிறுபிள்ளைத்தனமாக இருந்தது.

ஒரு நாள் அவன் மனைவி அருணாதேவி பால் வாங்கிக்கொண்டு கிரவுண்டு வழியாக வந்தவள், கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் அந்த நேரத்தில்தான் மூன்று பேர் தடுத்தும் நிற்காத ஒரு அடி அடித்திருந்தான். வீட்டுக்கு வந்ததும், பார்த்தாயா என்று கேட்காத குறையாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெத்தணன் அண்ணன் பந்த எடுக்கப் போயி சுண்ணாம்புச் சட்டிக்குள்ள கால விட்டுட்டாக. பாத்தீகளா?" என்றாள் அவள். சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்கு அவன் பாதிச் சோற்றோடு கை கழுவினான்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகளெல்லாம் பூட்டிக் கிடந்த நாளில் ஒரு நோட்டீஸ் வந்தது. சாத்தூர்ப் பக்கம் சீனிவாசகம் என்ற பட்டாசு முதலாளி, தம் தகப்பனார் நினைவாக வாலிபால் போட்டி நடத்துகிறார். சுற்றுவட்டார அணிகள் கலந்துகொள்ளலாம். பாண்டிமுருகன் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். ஊருக்கு ஒரு கோப்பை வரட்டும் என்று எல்லாரிடமும் சொன்னான். அவன் மனதுக்குள் இருந்தது வேறு. போட்டி என்று வந்துவிட்டால் தொப்பைக்கும் வாய்க்கும் அங்கே இடமில்லை. பெத்தணன் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதை ஊர் பார்க்க வேண்டும்.

கம்பெனி லீவு என்பதால் ஆள் சேர்ந்தது. விடியற்காலையில் எழுப்பிவிட்டான். கண்மாய்க்கரையில் ஓடவிட்டான். பட்டாசு வேலை பார்க்கிற கைகளிடம் ஒரு குணம் இருப்பதை அப்போதுதான் கவனித்தான். எதையும் கீழே போடக் கூடாது, எறியக் கூடாது, மெதுவாக வைக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பழகியவர்கள். தரைக்கு வருகிற பந்தைப் பார்த்தால் பதறிப்போய் விழுந்து எடுப்பார்கள். எவ்வளவு கெட்ட பந்தானாலும் பால்பாண்டி அதை அடைகாத்த முட்டையைத் தூக்குவது போலத் தூக்கிக் கொடுப்பான். ஆனால் யாருக்கும் ஓங்கி அடிக்க மனசு வராது. அடி நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் தூக்கிக் கொடுங்கள், பேசாதீர்கள், சிரிக்காதீர்கள் என்றான் பாண்டிமுருகன். அவர்கள் பேசவில்லை. சிரிக்கவும் இல்லை. ஒருத்தன் பந்தை விட்டால் மற்றவர்கள் பாண்டிமுருகன் முகத்தைப் பார்த்தார்கள்.

பெத்தணனிடம் நேரிலேயே சொன்னான். "மச்சான், நீங்க வெளிய இருங்க. ஆடுற ஆளுக்கு ஏதாவது ஆனா எறங்கலாம்."

பெத்தணன் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தான். "நல்லதாப் போச்சு மாப்ள, நிழல்ல எடம் பிடிச்சுக்கிறேன்" என்றான் அவன். அதில் குத்தல் இருக்கிறதா என்று பாண்டிமுருகன் வெகுநேரம் தேடினான். இல்லை. அதுதான் அவனை இன்னும் எரித்தது.

போட்டி நாளில் முதல் ஆட்டத்திலேயே ஒரு கூத்து நடந்தது. நம் ஆட்கள் உள்ளே இறங்கும்போது வரிசையாகப் போய்க் கம்பத்தைத் தொட்டார்கள். நடுவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பால்பாண்டி செர்வீஸ் போடப் போகும்போதெல்லாம் பின்கோட்டிலிருந்து கம்பம் வரைக்கும் நடந்து வந்து, தொட்டுவிட்டுத் திரும்பப் போனான். நடுவர் தாமதம் என்று எச்சரித்தார். அடுத்த தடவையும் அவன் கை அவனைக் கேட்காமலே கம்பத்துக்குப் போனது. எதிர்ப் பக்கத்துக்கு ஒரு புள்ளி கொடுத்துவிட்டார். பாண்டிமுருகன் எல்லார் முன்னிலையிலும் பால்பாண்டியைப் பிடித்துக் கத்தினான். அதற்குப் பிறகு பால்பாண்டி ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே செர்வீஸ் கோட்டுக்குப் போனான். அடுத்தடுத்து வந்த பந்துகளில் விரல் மடங்கி வீங்கியதையும் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஜெயித்தார்கள். அடுத்ததிலும் ஜெயித்தார்கள். பாண்டிமுருகன் அன்றைக்கு ஆடிய ஆட்டம் அவன் ஆயுசிலேயே நல்ல ஆட்டம் என்று சொல்லலாம். முட்டி வலித்தது, ஆனாலும் எழும்பினான். அடித்த பந்துகள் எதிர்ப் பக்கத் தரையில் விழுந்து ஆளுயரத்துக்குமேல் துள்ளின. ஆனால் ஜனங்கள் கை தட்டுவதற்குப் பதிலாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. என்னவென்று திரும்பிப் பார்த்தான். மைக்கில் வர்ணனை பேசிக்கொண்டிருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். நிழல் தேடிப்போன பெத்தணன் மைக் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான்.

"இப்ப எம்பினது எங்க மாமா மகன். சின்ன வயசுல இவன் எம்பி எம்பித்தான் எங்க வீட்டு ஓட்ட ஒடச்சான். இன்னும் மாத்திக் குடுக்கல."

டீ குடிக்கப் போனவர் திரும்பி வந்தும் மைக்கை வாங்கவில்லை. இறுதி ஆட்டம் வரைக்கும் பெத்தணன்தான் பேசினான். எதிர் அணிக்காரர்கள்கூட ஆட்டத்தின் நடுவே அவன் பக்கம் பார்த்துச் சிரித்தார்கள்.

கோப்பை இவர்களுக்கு. சிறந்த ஆட்டக்காரர் பரிசு பாண்டிமுருகனுக்கு. சீனிவாசகம் ஐயா வெள்ளை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக மேடையேறி, அவனுக்குத் துண்டு போட்டு, பட்டம் வாங்கியவர் என்று கேள்விப்பட்டேன், மகிழ்ச்சி என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பாண்டிமுருகன் அந்தக் கணத்தில் நிமிர்ந்து நின்றான். அருணாதேவி கூட்டத்தில் எங்கே நிற்கிறாள் என்று தேடினான். அதற்குள் ஐயா சுற்றுமுற்றும் பார்த்து, "மைக்குல பேசுன தம்பி எங்கன? அவரையும் கூப்பிடுங்க" என்றார். பெத்தணனுக்கும் ஒரு துண்டு. கைதட்டு இதற்குத்தான் அதிகமாக இருந்தது. அளந்து பார்க்கத் தேவையில்லை, காது இருந்தால் போதும்.

லோடு வண்டியில் ஊருக்குத் திரும்பும்போது கோப்பை பாண்டிமுருகன் மடியில் இருந்தது. பால்பாண்டி விரலை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தான். கம்பெனி திறந்தால் அந்த விரலால்தான் திரி சொருக வேண்டும். பெத்தணன் தனக்குக் கிடைத்த துண்டைக் கிழித்து, தண்ணீரில் நனைத்து, அந்த விரலில் சுற்றிக் கட்டினான். பாண்டிமுருகனுக்குக் கிடைத்த துண்டு மடிப்புக் கலையாமல் தோளில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியபோது வண்டி ஊருக்குள் வந்துவிட்டது.

மறுநாள் விடியற்காலையில் கண்மாய்க்கரையில் போய் நின்றான். யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாள் சாயங்காலம் பெத்தணன் வாசலில் மறுபடியும் இரண்டு ஹாரன் கேட்டது.

கோப்பையை அய்யம்மாள் டீக்கடையில் வைத்திருந்தார்கள். அதற்குள் அவள் சர்க்கரைக் கரண்டியும் ஸ்பூனுமாகப் போட்டு வைத்திருந்தாள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த பால்பாண்டியிடம் கேட்டே விட்டான் பாண்டிமுருகன்.

"ஏலே, தெனமும் எங்க தெருவுக்குத்தான வார. எங்க வாசல்ல ஒரு நாளாவது நின்னியா?"

பால்பாண்டி கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக்கொண்டு யோசித்தான். "வலை எங்க வீட்டுலதானண்ணே இருக்கு. கட்ட வேண்டிய ஆளு வீட்டுக்குத்தான் கொண்டாருவேன். அவுக கட்டணும்ல, அதான் கூட்டிட்டுப் போறது. நீங்க எங்கன தோத்தீக?"

அய்யம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்தாமலே சிரித்தாள். பாண்டிமுருகன் சிரிக்கவில்லை. அச்சகத்தில் நிறம் விலகும்போது எந்த உருளையில் கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி எழுந்து போனான். பெத்தணன் தினமும் தோற்கிறான். கடைசிப் பந்தை விடுகிறவனும் அவன்தான். அதனால்தான் ஹாரன். இவ்வளவுதானா விஷயம்?

அன்றைக்குச் சாயங்காலம் கிரவுண்டில் ஆட்டம் நெருங்கிக்கொண்டு போனது. எதிர்ப் பக்கம் பெத்தணன். அவர்களுக்கு இருபத்துநாலு, இவன் பக்கம் இருபத்துமூன்று. செர்வீஸ் பாண்டிமுருகன் கையில். பந்தை இரண்டு தடவை தட்டினான். விடுதியில் கடைசிப் பந்தியில் பார்த்த குழம்புச் சட்டியின் அடி ஒரு நொடி கண்ணில் வந்து போனது. பல்லைக் கடித்துக்கொண்டு, வேலிக்கருவேல மரத்தைப் பார்த்து அடித்தான். பந்து எல்லையைத் தாண்டி முள்ளுக்குள் போய் விழுந்தது.

எதிர்ப் பக்கத்தில் யாரும் குதிக்கவில்லை. பெத்தணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். முள்ளுக்குள் போய்ப் பந்தை எடுத்து வந்து வலைக்கு அடியில் உருட்டிவிட்டான்.

"மறுபடி போடு மாப்ள."

"ஏன், அவுட்டுதான? முடிஞ்சிருச்சு."

"நீ வேணும்னே அடிச்ச. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? இங்கன வந்து சும்மா குடுத்துட்டுப் போனா நாங்க எதுக்குக் கைலியத் தூக்கிக் கட்டிட்டு நிக்கிறோம்? ஒழுங்காப் போடு."

பாண்டிமுருகனுக்குக் காது சூடேறியது. இத்தனை நாளில் பெத்தணன் அவனிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. தோற்பதில்கூட இவன் எனக்கு வாத்தியாரா என்று ஆத்திரம் வந்தது. பந்தை உயரத் தூக்கிப் போட்டு, முட்டி வலியை மறந்து எம்பி, பெத்தணன் முகத்துக்கே குறிவைத்து அடித்தான்.

பெத்தணன் முகத்தைக் காத்துக்கொள்ளத்தான் கையைத் தூக்கினான். பந்து முழங்கையில் பட்டு, பனைமர உயரத்துக்கு எழும்பி, வலையைத் தாண்டி இவன் பக்கம் வந்து, பின்கோட்டை நோக்கி இறங்கியது. பாண்டிமுருகன் அதன் கீழேதான் நின்றான். வெளியே போகும் என்று கணக்குப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விட்டுவிட்டான். பந்து கோட்டில் விழுந்தது.

"அவுட்டு" என்றான்.

"லைன்ல" என்றது எதிர்ப் பக்கம் மொத்தமும்.

அவன் விடவில்லை. கோட்டைக் காட்டினான். பந்து விழுந்த குழியைக் காட்டினான். விதி என்ன என்று சொன்னான், நடுவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று விளக்கினான். அவன் பக்கத்து ஆட்களே அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். பெத்தணன் பந்தை எடுத்து வந்து, அதில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை அவன் மூக்குக்கு நேராக நீட்டினான். அது முன்னாலேயே ஒட்டியது என்றான் பாண்டிமுருகன். அப்படியானால் உன் சட்டையில் ஒட்டியிருக்கிற செம்மண்ணும் கல்யாணத்தன்று பூசிய சந்தனமா என்று ஒருவன் கேட்டான். ஆளாளுக்குப் பேசினார்கள். பந்து தெரியாத அளவுக்கு இருட்டும்வரை பேசினார்கள். அந்தக் கிரவுண்டில் அவனிடம் இத்தனை பேர் சேர்ந்து பேசியது அன்றைக்குத்தான். ஆனால் அது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை. அவனுக்கு அந்தப் பந்து அவுட்டுதான்.

"சரி மாப்ள, நாளைக்கு வலை நீ கட்டு. கோடும் நீயே போடு. ஒன் இஷ்டத்துக்கு இழுத்துக்க" என்றான் பெத்தணன், கைலியை உதறிக்கொண்டே.

மறுநாள் அச்சகத்தில் காலண்டர் ஆர்டர் தலைக்குமேல் இருந்தது. ஆனாலும் பாண்டிமுருகன் சீக்கிரமே பஸ் ஏறிவிட்டான். வீட்டுக்கு வந்து முகம் கழுவினான். ஷூவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டான். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தான். அருணாதேவி என்னவென்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றான். அவள் அவனையும் பார்த்தாள், வாசலையும் பார்த்தாள்.

தெருமுனையில் எக்ஸெல் சத்தம் கேட்டது. பெத்தணன் வாசலில் வேகம் குறைந்தது. அங்கேயே நின்றுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டான். நிற்கவில்லை. சுவரைத் தாண்டி உருண்டு வந்து நின்றது. ஒரு ஹாரன்.

அருணாதேவி, "ஒங்களத்தான்" என்றாள்.

அவன் சட்டையை எப்போதோ மாட்டிவிட்டான். கைலியையும் மடித்துக் கட்டியாகிவிட்டது. நிலைப்படிக்கு உள்பக்கம், வெளியே நிற்கிறவர்களுக்குத் தெரியாத இடத்தில் அசையாமல் நின்றான்.

"கூப்பிடுறாகள்ல, போங்களேன்" என்றாள் அவள்.

அவன் கையைக் காட்டி அவளைச் சும்மா இருக்கச் சொன்னான். பெத்தணனுக்கு எப்போதும் இரண்டு அடிப்பார்கள்.

இரண்டாவது ஹாரனும் வந்தது.

"வாரேம்லே" என்று உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தான் பாண்டிமுருகன்.